ஹெரால்டும் வெளிச்சமும்

டிசம்பர் 26

என் வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. நாலு கதவு, கரும்பச்சை. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் தயாரித்தார்கள். நாலு கதவு மாடல் இந்தியாவில் மட்டுமே வந்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. அந்தக் கோடுகள் படத்தில் அப்படியே வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

போனைப் பிடித்துக்கொண்டு கிட்டே நின்றால் ஹெட்லைட் பூசணிக்காயாக வீங்குகிறது, பின்பக்கத்து வால் காணாமல் போகிறது. இருபத்தைந்து அடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுத்தால் வண்டி தன் அளவுக்கு வந்துவிடுகிறது. உருவத்தை மாற்றுவது லென்ஸ் இல்லை, நாம் நிற்கிற தூரம். முழங்கால் போட்டு ஹெட்லைட் உயரத்துக்குக் கேமராவை இறக்கினால் இன்னும் நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 29

முன் சக்கரத்தைக் கொஞ்சம் ஒடித்து வைக்க வேண்டும், ரிம் நம்மைப் பார்க்கிற மாதிரி. டயரின் பட்டன் பக்கம், அதாவது தரையில் படுகிற பக்கம், தெரிந்தால் படம் கெட்டது. ஹெரால்டில் இதற்குத் தனிக் கவனம் தேவை. 25 அடி வட்டத்துக்குள் திரும்புகிற வண்டி இது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சக்கரம் கழன்று நிற்பதுபோல் இருக்கும். பாதி போதும்.

ஜனவரி 3

அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு நீலாங்கரை தாண்டிக் கடலோரம் போனேன். நம் கடற்கரையில் சூரியன் முதுகுப் பக்கம், ஊருக்குள் விழுகிறது. அது விழுந்த பிறகு கடலுக்கு மேலே இருக்கும் வானம் முழுக்க ஒரே சீரான வெளிச்சமாகிவிடுகிறது. கால் மணி நேரம் கிடைக்கும். வண்டியின் பக்கவாட்டைக் கடலுக்குக் காட்டி நிறுத்திவிட்டு, நான் மணலில் இறங்கி நின்றேன்.

கதவைப் பார்த்ததும் சிலிர்த்துவிட்டது. மேல்பாதியில் வானம், கீழ்ப்பாதியில் மணல், நடுவில் தொடுவானம் ஒரு கோடாக ஹெட்லைட்டிலிருந்து வால்வரை ஓடுகிறது. மிக்கெலோட்டி வரைந்த வளைவெல்லாம் அந்த ஒரு கோட்டில் தெரிகிறது. பின்கதவில் எப்போதோ டிங்கரிங் பார்த்த இடத்தில் மட்டும் கோடு லேசாக நெளிந்தது. கையால் தடவினால்கூடத் தெரியாத நெளிவு அது.

“மாமா, என் சட்டை கதவுல மஞ்சளா தெரியுது, பாருங்க.”

உண்மைதான். அவனை வண்டிக்குப் பின்னால் போகச் சொன்னேன். கரன்ட் கம்பம் ஒன்றின் பிம்பமும் முன்கதவில் தெரிந்தது; வண்டியை நாலடி நகர்த்தியதும் போய்விட்டது. கார் படம் எடுக்கும்போது வண்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள். வண்டிக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அதைவிட முக்கியம். பாலிஷ் போட்ட பெயின்ட் அத்தனையையும் வாங்கிக் காட்டிவிடும்.

இன்னொன்று: கரும் நிறம் என்பதால் கேமரா தானாகவே வெளுக்கடிக்கிறது. எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 வைத்த பிறகுதான் பச்சை பச்சையாக வந்தது.

ஜனவரி 8

போலரைசர் ஃபில்டர் வாங்கினேன். மெல்லத் திருப்பினால் கண்ணாடியில் படிந்த வானம் விலகி உள்ளே ஸ்டியரிங் தெரிகிறது. பெயின்ட் மேலும் வேலை செய்கிறது. பம்பரின் குரோம் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை; வெற்று உலோகத்தின் பிரதிபலிப்பை இந்த ஃபில்டர் நீக்காது. ஆனால் பெயின்ட்டில் முழுக்க எடுத்துவிட்டால் வண்டி செத்துப்போகிறது, பளபளப்பே இல்லாமல். பாதியில் நிறுத்துவதுதான் என் கட்சி.

ஜனவரி 13

போகி. காலையில் ஊரெல்லாம் புகை. வெளியே போகாமல் போர்ட்டிகோவிலேயே பானெட்டைத் திறந்தேன். ஹெரால்டில் இரண்டு மட்கார்டுகளும் ஹெட்லைட்டும் சேர்த்து முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கிக் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம். நம் பழைய மெக்கானிக்குகள் அப்படித்தான் பார்த்தார்கள்.

ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம், மறுபக்கம் கும்மிருட்டு. மருமகன் தெர்மாகோல் அட்டையைத் தாழ்த்திப் பிடித்தான். “இன்னும் கொஞ்சம் கீழடா,” என்றதும் கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் குழாய் வரைக்கும் வெளிச்சம் போய்விட்டது. ட்ரைபாட் போட்டு எடுத்தேன்.

பிரின்ட் போட இந்தப் படத்தைத்தான் கொடுக்கப் போகிறேன். கடலோரப் படம் அழகு, ஆனால் அந்த வானத்தின் முன் எந்தக் காரை நிறுத்தினாலும் அழகாகத்தான் இருக்கும். இதைப் பார்த்தால் ஹெரால்டு ஓட்டியவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும்.