சமச்சீரின்மை ஒருவழியாக மசிந்தது

சிவப்பாக இருந்தால் கிழட்டு நீள்வட்டக் கேலக்ஸிதான் என்று நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களிடம் வாதாட இப்போது என் கையில் சரக்கு இருக்கிறது. தூரத்து சூப்பர்நோவாக்களின் (வெடித்துச் சிதறும் விண்மீன்களின்) தாய்க் கேலக்ஸிகளை வகை பிரிக்கும் வேலையில் நெடுநாளாக முரண்டு பிடித்த சமச்சீரின்மைக் கணக்கு, அதாவது கேலக்ஸியின் வடிவம் எவ்வளவு கோணல் என்று அளக்கும் கணக்கு, நேற்று ஒழுங்காக ஓடியது.

எதற்கு இத்தனை பாடு என்பது இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். டைப் 1ஏ (வெள்ளைக் குள்ளனின் வெடிப்பு) எந்த வகைக் கேலக்ஸியிலும் வெடிக்கும், டைப் 2-க்கு (பெரிய விண்மீனின் வெடிப்பு) புதிதாக விண்மீன் பிறக்கும் இடம் வேண்டும். நிறமாலை கிடைக்காத சூப்பர்நோவாவுக்குத் தாய்க் கேலக்ஸியின் வகை பாதித் துப்பு. கிழட்டு விண்மீன்களின் ஒளி 4000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்குக் கீழே சட்டென்று குறையும், இந்த 4000 ஆங்ஸ்ட்ராம் முறிவை நிறத்தில் பிடித்துவிடலாம், செம்பெயர்ச்சி (தூரத்து ஒளியின் அலைநீளம் நீண்டுபோகும் அளவு) 0.4-இல் அது 5600-க்குப் போகிறது, ஜி, ஆர் என்ற ஃபில்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் போதும், 0.8-இல் 7200, அங்கே ஆர்-இசட் பார்க்க வேண்டும். ஆனால் தூசி மண்டிய சுருள் கேலக்ஸியும் அதே சிவப்பில் வந்து நிற்கும். அங்கேதான் வடிவம் தேவைப்படுகிறது.

படத்தை 180 பாகை திருப்பிக் கழித்து, மிச்சத்தின் குறியை நீக்கிக் கூட்டி, மொத்த ஒளியால் வகுப்பது. கேட்க எளிது. குறியை நீக்குவதால் வானத்தின் இரைச்சல் முழுக்கக் கூட்டல் பக்கமே சேர்கிறது, மங்கலான கேலக்ஸி எல்லாம் கோணல் மாணலாகத் தெரியும். சரி, பக்கத்தில் வெற்று வானத்தில் ஒரு கட்டம் எடுத்து அதற்கும் அதே கணக்கைப் போட்டுக் கழிக்கலாம் என்றால், நல்ல வழவழப்பான நீள்வட்டங்களுக்கு வரிசையாக எதிர்மறை மதிப்பு வருகிறது! குற்றவாளி மையம். எந்த மையத்தில் எண் மிகக் குறைகிறதோ அதுவே சரியான மையம் என்று தேடும்போது அது பெரும்பாலும் பிக்சலின் நடுவில் விழாது, கால் பிக்சல் போலத் தள்ளி நிற்கும். அப்போது திருப்பிய படத்தில் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சல் தணிந்துவிடுகிறது, வானக் கட்டமோ முழுப் பிக்சலில் திரும்பி இரைச்சலைக் குறையாமல் வைத்திருக்கிறது. கேலக்ஸி எத்தனை பின்னம் நகர்ந்ததோ அதே பின்னம் வானக் கட்டத்தையும் நகர்த்தித் திருப்பியதும் நீள்வட்டங்கள் பூஜ்யத்தைச் சுற்றி அடக்கமாக உட்கார்ந்துகொண்டன. வானக் கட்டம் ஒன்று போதாது, பல கட்டங்களை எடுத்து இடைநிலை மதிப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றிலாவது மங்கல் விண்மீன் ஒளிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். கேட்ட அளவுக்குப் படத்தை நீட்டிச் சுருக்கிக் கொடுக்கும் தளம் ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம். அங்கிருந்து வரும் படத்தில் இரைச்சல் ஏற்கெனவே கலந்து குழைந்து போயிருப்பதால் மேலே சொன்ன திருத்தம் எடுபடாது. மூல பிக்சல் அளவிலேயே, ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான கோப்பு வகை) கோப்பாக வாங்குங்கள். அப்புறம், சூப்பர்நோவா எரிந்துகொண்டிருக்கும் இரவுகள் கலந்த படம் என்றால் அந்த ஒரு புள்ளியே சமச்சீரின்மையை ஏற்றிவிடும். வெடிப்புக்கு முந்தைய படங்களே உத்தமம்.

தரையிலிருந்து எடுத்த படங்களை வைத்து ரொம்ப தூரம் போக முடியாது. செம்பெயர்ச்சி 0.7-இல் ஒரு விகலை (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) சுமார் 23,000 ஒளியாண்டு, ஒரு விகலை சீயிங்கில் (காற்று மண்டலத்தால் படம் மங்குவது) சுருள் கைகள் எல்லாம் கரைந்து உருண்டையாகிவிடும், பரப்பொளி (ஒரு சதுர விகலைக்கு வரும் ஒளி) வேறு 8 மடங்குக்கு மேல் மங்குகிறது. அதற்கு ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் காஸ்மாஸ் ஆய்வுப் படங்களைப் பிடித்திருக்கிறேன். 2 சதுர பாகைக்குச் சற்றுக் குறைவு, ஆனால் அத்தனைக்கும் எஃப்814டபிள்யூ என்ற ஒரே ஃபில்டர். வடிவம் அங்கிருந்து, நிறம் தரைப் படங்களிலிருந்து என்று பங்கு பிரித்தாயிற்று.

விளிம்பு காட்டி நிற்கும் சுருள்கள் இன்னும் மசியவில்லை. அவற்றைத் திருப்பினால் தன் மேலேயே கச்சிதமாக விழுகின்றன, தூசியால் சிவப்பாகவும் இருக்கின்றன, இரண்டு சோதனையிலும் நீள்வட்டமாகத் தேறிவிடும். நிஜ நீள்வட்டங்கள் அச்சு விகிதம் (அகலத்தை நீளத்தால் வகுத்தது) 0.3-க்குக் கீழே தட்டையாவதில்லை, எனவே அதைவிட ஒல்லியானதைக் கண்ணை மூடிக்கொண்டு வட்டுக் குவியலில் தள்ளுகிறேன். அரைகுறையாகச் சாய்ந்தவற்றுக்குச் செர்சிக் பொருத்தம் (மையத்திலிருந்து வெளியே ஒளி குறையும் விதத்தைச் சூத்திரத்தில் பொருத்துவது) போட்டுப் பார்க்க வேண்டும், குறியீடு நீள்வட்டம்போல 4-ஐ ஒட்டி வருகிறதா, வட்டுபோல 1-ஐ ஒட்டி வருகிறதா என்று. அதற்கான கேல்ஃபிட் மென்பொருளை நிறுவியாகிவிட்டது, பிஎஸ்எஃப் (ஒரு புள்ளி ஒளி படத்தில் எப்படிப் பரவுகிறது என்பது) மாதிரி தயாரிப்பதுதான் பாக்கி. அதற்குள் சிலியில் உள்ள ரூபின் வானாய்வகத்தின் படங்களில் கை வைக்க மனம் தாவுகிறது.