தாளம் போட்ட கை

புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்றைக்கு எங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார இடம் கிடைக்காது. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு வரும் பெண்கள், பிரஷர் மாத்திரைக்கு வரும் பாட்டிகள், நாய் கடித்துவிட்டது என்று அழுதுகொண்டே வரும் பையன்கள். போன வருடம் அப்படி ஒரு புதன்கிழமை, கைக்குழந்தைக்கு ஊசி போட வந்த ஒரு அம்மாவோடு அவளுடைய மூத்த பெண்ணும் வந்திருந்தாள். பத்து வயது இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் வலது கை விரல்கள் அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தன. தோள் ஒரு தடவை தானாகத் துள்ளியது. அந்த அம்மா அவள் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"சும்மா கெடயேன்டி. எப்பப் பாத்தாலும் ஆட்டம்."

கையில் இருந்த டிரேயைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் அம்மாவும் இதே மாதிரி அண்ணன் கையில் அடித்திருக்கிறாள். 1991-ல்.

அண்ணனுக்கு அப்போது பதினோரு வயது, எனக்கு ஏழு. நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுப்போம். அண்ணன் அதற்கு முன்பே டோலக் வாசிக்க ஆரம்பித்துவிட்டான். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. தெருவில் சாவு விழுந்தால் ராத்திரி கானா நடக்கும். அவன் சட்டை கூடப் போடாமல் போய் வாசிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். விடிந்த பிறகுதான் வருவான்.

கானாவுக்கு வாசிப்பது லேசான வேலை இல்லை. இறந்தவர் பேர், அவர் பார்த்த வேலை, பிள்ளைகள் பேர், எந்தக் கடையில் டீ குடித்தார் என்பது வரைக்கும் பாடுகிறவர் அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார். எந்த வரியை இழுப்பார், எங்கே சட்டென்று விடுவார் என்பது அவருக்கே தெரியாது. டோலக்காரன் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். கூட உட்கார்ந்திருக்கிற பெண்கள் அழுதால் தாளத்தைத் தணிக்க வேண்டும், தூக்கம் சொக்குகிற நேரத்தில் ஏற்ற வேண்டும். பத்து வயதிலேயே அண்ணனுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. பெரியவர்கள் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கப் போகும்போது டோலக்கை அவனிடம் நம்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருடம் அவன் கையெழுத்து கெட்டுப்போனது. எழுத்துகள் கோட்டை விட்டு மேலும் கீழும் ஓடின. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நிற்க வைத்தார்கள். சாப்பிடும்போது டம்ளர் கையிலிருந்து பறந்துபோய் விழும். விரல்கள் எந்நேரமும் தொடையிலும் தரையிலும் ஆடிக்கொண்டிருக்கும். தெருவே சொன்னது, "பையனுக்குத் தாளம் ரத்தத்துலயே ஊறிப்போச்சு" என்று. எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் டோலக்கை மடியில் வைத்தால் கை தப்பியது. அதைக் கண்டுபிடித்தவர் கானா பாடுகிற ஒரு பெரியவர் மட்டும்தான். "இன்னாடா, கை எங்கயோ போவுது?" என்று கேட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்து அழுதான். "நான் அடிக்கலம்மா, அதுவா அடிச்சிக்குது" என்றான்.

தூங்கினால் மட்டும் கை அடங்கும். அம்மா ராத்திரியில் சிம்னி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "தூங்கறப்பதான் எம்புள்ள கை எம்புள்ள கையா இருக்குது" என்பாள். தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். மூன்று மாதத்தில் எல்லாம் தானாக நின்றுவிட்டது. கயிற்றால்தான் நின்றது என்று நம்பினோம். அண்ணன் மறுபடியும் வாசிக்கப் போனான்.

பதினேழு வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது என்றார்கள். 21 நாளைக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போட வேண்டும், விடவே கூடாது என்று அட்டை எழுதிக் கொடுத்தார்கள். ரெண்டு வருடம் ஒழுங்காகப் போட்டான். அப்புறம் தள்ளிப்போட ஆரம்பித்தான்.

அவன் ஏன் தள்ளிப்போட்டான் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்த ஊசி மருந்து பால் மாதிரி கெட்டியாக இருக்கும். இடுப்புச் சதையில் ஆழமாகப் போட வேண்டும். போட்ட இடம் ரெண்டு நாளைக்குக் கல் மாதிரி வலிக்கும். அண்ணன் ராத்திரி முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிக்கிறவன். ஊசி போட்ட அன்று அவனால் தரையில் உட்கார முடியாது. "இந்த வாரம் ரெண்டு புரோகிராம் இருக்கு, முடிச்சிட்டுப் போட்டுக்கறேன்" என்பான். இந்த வாரம் அடுத்த வாரமாகும், அது அடுத்த மாதமாகும். சாவு வீட்டுக்காரர்களிடம் தேதி மாற்றச் சொல்ல முடியுமா?

2003-ல், இருபத்து மூன்று வயதில் போய்விட்டான். கருமாதிக் கானா ஒன்றில் வாசித்துவிட்டு விடியற்காலையில் வந்தான். படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. டோலக்கைக் கட்டிக்கொண்டு அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஆட்டோ பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று ராத்திரி எங்கள் வீட்டு வாசலில் கானா. அவனிடம் கற்றுக்கொண்ட பொடியன் ஒருவன்தான் வாசித்தான். பாடினவர் அண்ணன் பேரைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகவில்லை. பொடியன் தாளத்தை விடவில்லை, அவர் வருகிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தான். அப்படித்தான் அண்ணன் சொல்லிக் கொடுத்திருந்தான்.

மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939-ல் உயிர்விட்ட நடராசன், தாளமுத்து நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஒரு தடவை அண்ணன் அதைக் காட்டி, "பேர்லயே தாளம் இருக்கு பாரு" என்று சொல்லியிருக்கிறான். அங்கே போகும்போதெல்லாம் அந்த ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பூ வாங்குகிறேன்.

அவன் இறக்கும்போது நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் குழந்தைகள் நல வகுப்பில் ஒரு நாள் ருமாட்டிக் காய்ச்சல் பாடம். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வரும். அதை எதிர்க்கக் கிளம்புகிற உடம்பு, தன் மூட்டையும் இதய வால்வையும் சேர்த்துத் தாக்கும். நெருக்கமாகப் படுக்கிற வீடுகளில் கிருமி எளிதாகப் பரவும். சில குழந்தைகளுக்கு மூளையையும் தொடும், அதற்குக் கொரியா என்று பேர். கையெழுத்து கெடும், கையில் இருப்பது விழும், வகுப்பில் திட்டு வாங்குவார்கள், தூங்கினால் அடங்கும், சில மாதத்தில் தானாக நின்றுவிடும் என்று மேடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். தொண்டை வலி வந்து மாதக்கணக்கில் கழித்துக்கூட இது வரலாம், அதனால் அந்தத் தொண்டை வலி யாருக்கும் நினைவிருக்காது என்றார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது. அண்ணனின் நோயைத்தான் நாங்கள் அவன் சங்கீதம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறோம்.

அதற்கப்புறம் இதய நோய் வார்டில் டியூட்டி. டாக்டர் ஒருவர் மைட்ரல் வால்வு சுருங்கிய ஒரு பெண்ணின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து என்னைக் கேட்கச் சொன்னார். முதல் சத்தம் பலமாக விழுந்தது, அப்புறம் ரெண்டாவது. அது முடிந்து அடுத்தது விழுவதற்குள், தாழ்ந்த குரலில் ஓர் உறுமல். டோலக்கின் இடது பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். இவ்வளவு சன்னமான சத்தம் முதல் தடவையே கேட்டுவிட்டதா என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். குழந்தைக்கு ஊசி போட்டு முடித்ததும் பெரிய பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டேன். "கண்ணு, என் ரெண்டு விரலையும் இறுக்கிப் பிடி, விடாத." பிடித்தாள். பிடி இறுகும், தளரும், மறுபடி இறுகும், மாடு கறப்பது மாதிரி. நாக்கை நீட்டி அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு நொடியில் உள்ளே ஓடிவிட்டது. "நைட்டு தூங்கறப்பவும் கை ஆடுமா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இல்ல சிஸ்டர், தூங்கினா செல மாதிரி கெடப்பா. அதான் வேணும்னே பண்றான்னு அடிக்கறேன்."

"இனிமே அடிக்காதக்கா" என்று மட்டும் சொன்னேன். கையைப் பிடித்து நேராக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எக்கோவில் வால்வு லேசாகக் கசிவது தெரிந்தது. நல்ல வேளை, லேசாகத்தான்.

இப்போது 21 நாளைக்கு ஒரு தடவை எங்களிடம் வருகிறாள். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டு வருவார்கள், தேதி மட்டும் தவறாது. வராமல் போனால் நானே போன் பண்ணிவிடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமாகத் தேதி வைக்கிறேன், சனி, ஞாயிறு வலி தாங்கிக்கொள்ளட்டும் என்று. அண்ணனுக்கும் யாராவது இப்படிப் புரோகிராமைக் கேட்டுத் தேதி குறித்திருந்தால் என்று நினைக்காத வெள்ளிக்கிழமை கிடையாது.

டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் இந்த ஊசியைப் போடுவோம். மருந்துக் குப்பியை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிச் சூடேற்றுவேன், குளிர்ச்சியாகப் போட்டால் வலி அதிகம். ஏற்றும்போதும் அவசரம் கூடாது, ரெண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். குப்புறப் படுத்திருக்கிற குழந்தைக்கு அது ரொம்ப நீளமான நேரம். அதனால் பெஞ்சு விளிம்பில் தாளம் போடச் சொல்வேன். அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே ஒரு நடை எனக்குத் தெரியும், அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

போன தடவை மெதுவாக மருந்தை ஏற்றிக்கொண்டே அவள் கையைப் பார்த்தேன். மரப்பலகையில் விரல்கள் ஒன்று தப்பாமல் விழுந்துகொண்டிருந்தன.

"ஆயிடுச்சா சிஸ்டர்?"

"இன்னும் கொஞ்சம். நிறுத்தாத, அடி."