பாலில் ஒளிந்திருக்கும் மருந்தைத் தேடும் மின்முனை

பாலில் தங்கிவிடும் ஆன்டிபயாடிக் எச்சத்தைக் கண்ணாலோ நாவாலோ கண்டுகொள்ள முடியாது; பென்சைல்பென்சிலினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்துள்ள வரம்பு, ஒரு கிலோ பாலுக்கு 4 மைக்ரோகிராம்தான். இவ்வளவு நுண்ணிய அளவை மின்னோட்டத்தின் வழியாகத் தேடும் மின்வேதி உணரிகள்மேல் எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு.

குளோராம்பெனிகால் என்னும் ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறிலுள்ள நைட்ரோ தொகுதி, உணரியின் மின்முனையில் மின்னழுத்தத்தை எதிர்மின் (நெகட்டிவ்) திசையில் நகர்த்தும்போது எலக்ட்ரான்களை ஏற்று ஒடுக்கமடைகிறது. அப்போது பாயும் மின்னோட்டம் வரைபடத்தில் ஒரு முகடாக எழ, அதன் உயரத்தைக் கொண்டு மருந்தின் அளவைக் கணக்கிடுகிறோம்.

அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் தூய ஆய்வகக் கரைசலான தாங்கல் கரைசலில் (buffer) இது அழகாக நடக்கும். உண்மையான சோதனை பாலில்தான் தொடங்குகிறது. கார்பன் மின்முனையை அலுமினாப் பொடியால் முகம் தெரியும்வரை மெருகேற்றி, பாலில் அமிழ்த்தி அடுத்தடுத்து அளந்தபோது, மருந்தின் அளவு மாறாமலே முகடு படிப்படியாகச் சிறுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். பாலின் புரதங்கள் மின்முனைமேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்வதே அதற்குக் காரணம். ஆகவே, மிகக் குறைந்த அளவையும் கண்டறிந்ததாகக் கூறும் ஆய்வுக் கட்டுரை எதைப் படித்தாலும், அந்த அளவீடு தாங்கல் கரைசலில் எடுக்கப்பட்டதா, உணவிலேயே எடுக்கப்பட்டதா என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். குறிப்பிட்ட மருந்தைப் பற்றிக்கொள்ளும் ஆப்டமர் என்னும் டி.என்.ஏ. இழைகளை மின்முனையில் பொருத்தினால் அந்த மருந்தை மட்டும் பிரித்தறியும் தேர்வுத்திறன் கூடும். ஆனாலும் அந்தப் படலத்தை அவை மட்டுமே தடுத்துவிடுவதில்லை.