513 படி, 12 வாரம்: தண்ணீர்மலைப் படியேற்றக் குறிப்புகள்

பினாங்கு தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்குக் கீழிருந்து மேலே 513 படிகள். தைப்பூசக் கூட்டம் கலைந்த பிப்ரவரி நடுவில் தொடங்கி மே முதல் வாரம் வரை, வாரத்துக்கு நான்கு காலை ஏறி இறங்கியதில் நோட்டில் சேர்ந்தவை இவை. உடற்பயிற்சிக் கணக்காகத் தொடங்கியது, போகப்போகத் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் கணக்காக மாறிவிட்டது. படியில் மூச்சு வாங்கும்போது எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பாகவே இருக்கிறது. முந்தின இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாக எழுதிவைத்த முடிவுதான் நிற்கிறது. கீழே உள்ள விவரம் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதலில் நேரம். தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து நாலரை மணிக்கு அலாரம் வைப்பவர்கள் இங்கே நிறைய. அந்தக் கணக்கு பினாங்குக்குப் பொருந்தாது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. நாம் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கும் ஊர்களின் நேரத்தில் வாழ்கிறோம். அதனால் பிப்ரவரி நடுவில் இங்கே சூரியன் எழ ஏறக்குறைய ஏழரை மணி ஆகிறது. மே தொடக்கத்தில் ஏழு மணி ஐந்து நிமிட அளவில். சென்னையோடு ஒப்பிட்டால் கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். அங்கே ஐந்து மணிக்கு எழுவதும் இங்கே ஆறே காலுக்கு எழுவதும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வாரம் 4.45க்கு அலாரம் வைத்ததில் நான்கு நாளில் இரண்டு நாள் தவறியது. 6.00க்கு மாற்றிய பிறகு, மழை நாள் தவிர, தவறவில்லை. மன உறுதிக் குறைவு என்று நினைத்தது வெறும் தூக்கக் குறைவு. நோட்டில் தூங்கிய மணி நேரத்தை எழுதாமல் இருந்தால் இது தெரிந்திருக்காது.

நோட்டு என்பது பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண கட்டம் போட்ட நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு வரி: தேதி, தூங்கிய நேரம், எழுந்தவுடன் நாடித்துடிப்பு, ஏறிய நிமிடம், இறங்கிய நிமிடம், மூச்சுக்கு ஒன்று முதல் பத்து வரை ஒரு மதிப்பெண், கடைசியில் ஐந்தாறு சொற்களில் ஒரு குறிப்பு. நாடித்துடிப்பைப் படுக்கையில் இருந்தபடியே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். எழுந்து நடந்த பிறகு எண்ணினால் பயன் இல்லை. வழக்கத்தைவிட நிமிடத்துக்கு எட்டு, பத்து கூடியிருந்தால் அன்று உடம்பு இன்னும் தேறவில்லை என்று எடுத்துக்கொண்டு பாதித் தூரத்தோடு திரும்புவது என்று முன்னமே விதி. கைப்பேசிச் செயலியைவிட நோட்டு நல்லது என்பதற்கு ஒரே காரணம், நேற்றைய வரியைப் பார்க்காமல் இன்றைய வரியை எழுத முடியாது.

முதல் வாரம் எந்தத் திட்டமும் இல்லாமல் ஏறினால் நடப்பது இதுதான்: முதல் 150 படி வேகமாகப் போகும், பிறகு மூச்சு முட்டும், மூன்று நான்கு நிமிடம் நிற்க வேண்டிவரும், மறுபடி வேகம், மறுபடி நிறுத்தம். மொத்தம் 18 நிமிடம். இரண்டாம் வாரம் 60 படிக்கு ஒரு முறை, மூச்சு நன்றாக இருந்தாலும், 20 விநாடி நின்றாயிற்று. எட்டு நிறுத்தம், ஏறும் வேகம் நிமிடத்துக்கு 50 படி. மொத்தம் 13 நிமிடம். அதே கால், அதே நுரையீரல். ஐந்து நிமிடம் மிச்சம். காரணம் எளிது. மூச்சு முட்டிய பிறகு தசை ஆக்சிஜன் கடனில் விழுந்துவிடுகிறது, அந்தக் கடனை அடைக்க நிமிடக் கணக்கில் ஆகும். முட்டுவதற்கு முன்னால் நின்றால் கடன் அவ்வளவாக ஏறுவதில்லை.

இதில் கஷ்டமான பகுதி உடம்பு அல்ல. அறுபதாவது படியில் "இன்னும் தெம்பு இருக்கிறதே, எதற்கு நிற்க வேண்டும்" என்று மனம் கேட்கும். அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் தேடக் கூடாது. நிறுத்தும் இடத்தை இரவில் நோட்டில் எழுதியாயிற்று, அவ்வளவுதான். அலுவலக வேலையிலும் இதே முறை கைகொடுக்கிறது: ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுவது என்று வைத்தால், வேலை சூடுபிடித்திருக்கும்போதும் எழ வேண்டும். சோர்ந்த பிறகு எடுக்கும் ஓய்வு எப்போதும் நீளமானது.

ஐந்தாம் வாரம் 100 படிக்கு ஒரு 15 விநாடி நிறுத்தம், மொத்தம் பதினொன்றரை நிமிடம். ஒன்பதாம் வாரம் நிறுத்தமே இல்லாமல், அதே 50 படி வேகத்தில், பத்தேகால் நிமிடம். மூச்சுக்கணக்கு: இரண்டு படி உள்ளே, இரண்டு படி வெளியே. ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள். பேச முடிகிறதா என்ற சோதனை, மணிக்கட்டுக் கருவி காட்டும் எண்ணைவிட நம்பகமாக இருந்தது.

நடுவில் நான்காம் வாரம் கெட்டது. இரண்டு சுற்று போகலாம் என்று படியில் நின்றபோது தோன்றி, அன்றே இரண்டாவது முறை ஏறி இறங்கியதில், மறுநாள் முழங்கால் சில்லைச் சுற்றி வலி, தொடையில் இரண்டு நாள் பிடிப்பு. ஏறும்போது வராத வலி இறங்கும்போது ஏன் வருகிறது என்றால், இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. அப்படி நீளும்போது தாங்குகிற வேலையில்தான் தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம். வலி உடனே தெரியாது; அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ உச்சத்துக்கு வரும். திருத்தம்: இரண்டு நாள் ஓய்வு, பிறகு மீண்டும் ஒரே சுற்று. இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 40 படிக்கு மேல் போகாமல், முழுப் பாதமும் படியில் பதிய, கைப்பிடியோரமாக, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பாமல். இறங்க 13 நிமிடம் ஆகிறது, ஏறுவதைவிட அதிகம். அது சரியானதுதான். மேலே போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணம் வருவதால் கவனம் தளர்கிறது. கால் இடறுவது பெரும்பாலும் கடைசி நூறு படியில்.

அந்த வாரத்துக்குப் பிறகு நோட்டின் முதல் பக்கத்தில் சேர்ந்த விதி: சுற்று, வேகம், நாள் எண்ணிக்கை இந்த மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுவது, கூட்டியதை இரண்டு வாரம் அப்படியே வைப்பது. இரண்டை ஒன்றாகக் கூட்டினால் வலி வரும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. புதுச் செலவுத் திட்டம், பிள்ளைகளின் படிப்பு நேரம், உணவு மாற்றம் எதற்கும் இது பொருந்தும்.

எடை குறைய ஏறுபவர்களுக்கு ஒரு கணக்கு. படி ஒன்று 15 செ.மீ. உயரம் என்று வைத்தால் 513 படி 77 மீட்டர். எழுபது கிலோ உள்ளவர் அதை ஏற, தசையின் திறனையும் சேர்த்துக் கணக்கிட்டால், 50 முதல் 60 கலோரி. பசியாறும்போது சாப்பிடும் ஒரு ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) ஏறக்குறைய 300 கலோரி. இதைச் சொல்வது மனம் தளரச் செய்ய அல்ல. படியேற்றம் இதயத்துக்கும் காலுக்கும் நல்லது, எடைக்குத் தட்டுதான் பார்க்கப்பட வேண்டும். ஏறி முடித்துவிட்டோம் என்ற தெம்பில் இரண்டாவது ரொட்டியும் தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) கேட்பது முதல் மூன்று வாரம் நடந்தது. நான்காவது வாரத்திலிருந்து என்ன ஆர்டர் செய்வது என்பதையும் முந்தின இரவே எழுதியாயிற்று: இரண்டு தோசை, தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் போடாத தேநீர்). கடையில் உட்கார்ந்து யோசித்தால் ரொட்டி மாவின் வாசனைதான் ஜெயிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஊகம் வேண்டாம். ஏறுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு அரைக் கிலோவும் ஏறக்குறைய அரை லிட்டர் வியர்வை. நம் ஊரில் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை வழிகிறதே தவிர ஆவியாகி உடம்பைக் குளிர்விப்பதில்லை. அதனால் ஏழே முக்காலுக்குள் இறங்கி முடிப்பது நல்லது. புகைமூட்ட நாளில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஏறுவதில்லை. மழை பெய்தால் படி வழுக்கும். அன்று வீட்டு அடுக்குமாடியின் படிக்கட்டில் பத்து மாடி. அதுவும் இல்லையென்றால் கீழேயே 20 நிமிட நடை. எதுவானாலும் நோட்டில் ஒரு வரி விழ வேண்டும். ஒரு நாள் விட்டுப்போகலாம், இரண்டு முறை தொடர்ந்து விடக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

இது முதலில் வழிபாட்டு இடம், பிறகுதான் பயிற்சி இடம். கிருத்திகை, வெள்ளி மாலை, விசேஷ நாள்களில் வேறு இடம் பார்த்துக்கொள்வது மரியாதை. நேர்த்திக்கடனுக்காக ஏறுபவர்களுக்கு ஓரமாக ஒதுங்கி வழி விடுங்கள், காதில் ஒலிக்கருவி வேண்டாம். குரங்குகள் உண்டு, கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் சாப்பாடு என்று நினைத்துப் பிடுங்க வரும். தண்ணீர் போத்தலை முதுகுப் பையில் வையுங்கள்.

முழங்காலில் பழைய காயம், இதயக் கோளாறு, கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நெஞ்சு அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே உட்காருங்கள், கூட வந்தவரைக் கூப்பிடுங்கள். இதற்காகவே முதல் மாதம் தனியாக ஏறாமல் இருப்பது நல்லது.

பன்னிரண்டாம் வாரக் கடைசி வரி இப்படி நிற்கிறது: தூக்கம் ஏழு மணி நேரம், நாடி 64, ஏற்றம் பத்தேகால், இறக்கம் 13, மூச்சு ஐந்து. அடுத்த இரண்டு வாரத்துக்கு வேகமும் நாள் எண்ணிக்கையும் அப்படியே. வாரத்தில் ஒரு நாள் மட்டும், சனிக்கிழமை, இரண்டு சுற்று. இடையில் ஐந்து நிமிட ஓய்வு. முதல் சுற்று இறங்கி முடித்ததும் முழங்காலில் கொஞ்சம் வலி இருந்தாலும் இரண்டாவது இல்லை என்று அதற்குக் கீழேயே எழுதியாயிற்று.