பழைய தெருப் படங்கள்: பெயரைக் கடைசியில் கேட்கிறோம்

ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தவர்கள் நாங்கள். இப்போது ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். அந்தச் சிற்றூரில் எடுத்த பழைய புகைப்படங்களை ஒவ்வொருவர் வீட்டுப் பெட்டியிலிருந்தும் திரட்டி, யார், எங்கே, எப்போது என்று குறித்துவைக்கும் வேலையைக் கொஞ்ச காலமாகச் செய்துவருகிறேன். பாதிக்கு மேல் அடையாளம் தெரிந்துவிட்டது. எந்த வழி பலன் தந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

தள்ளிப்போட முடியாத வேலை இது. சரியாகக் கழுவி உலர்த்திய கறுப்பு வெள்ளைப் படம் நூறு வருடம் தாங்கும். அதில் நிற்பவர் இன்னார் என்று சொல்லக்கூடியவர்கள் அத்தனை காலம் இருக்கமாட்டார்கள். பெயர் தெரியாத படத்தை அடுத்த தலைமுறை பத்திரப்படுத்தாது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் படங்களைப் பழுதுபார்ப்பது, நிறம் ஏற்றுவது போன்றவற்றை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, நினைவு இருப்பவர்களிடம் பேசுவதற்குத்தான் முதலிடம் கொடுத்தோம்.

பேசுவதற்கு முன்னால் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். அஞ்சலட்டை அளவுள்ள குழுப் படத்தில் ஒரு முகம் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை 300 டிபிஐயில் (அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் அந்த முகத்துக்குக் கிடைப்பது 35 பிக்சல். கண் எது, மூக்கு எது என்றே தெரியாது. அதே படத்தை 1200 டிபிஐயில் எடுத்தால் 140 பிக்சல் கிடைக்கும், சிரிப்பும் தலைவகிடும் தெரியும். எல்லாப் படத்துக்கும் 1200 தேவையில்லை. ஒருவர் இருவர் மட்டும் இருக்கும் படத்துக்கு 600 போதும். கூட்டம் நிற்கும் சின்னப் படத்துக்குத்தான் அளவைக் கூட்ட வேண்டும். தொலைவில் இருப்பவர்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்கிறேன். படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, கஷ்டப்பட்டு எடுத்த நுணுக்கம் எல்லாம் போய்விடும்.

பசைத்தாளும் மேலே பிளாஸ்டிக் உறையுமாக இருக்கும் ஒட்டும் ஆல்பங்கள் தனித் தலைவலி. பசை காய்ந்து படம் தாளோடு ஒன்றிப்போயிருக்கும். மூலையைப் பிடித்து இழுத்தால் கிழியும், இல்லையென்றால் மடங்கி விரிசல் விழும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் நுழைத்து, இரண்டு கையாலும் அறுப்பதுபோல மெல்ல நகர்த்தினால் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. விடாவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுகிறேன். பின்புற எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு முன்புறத்தை இழக்கக் கூடாது.

சரி, கேட்கும் கதைக்கு வருகிறேன். இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் படத்தைக் காட்டினால் கலகலப்பாக இருக்கும், ஆனால் கிடைக்கும் பெயர்களை நம்ப முடியாது. குரல் ஓங்கியவர் ஒரு பெயரைச் சொன்னதும் மற்றவர்களுக்கும் அந்த முகம் அவராகவே தெரிய ஆரம்பித்துவிடும். யாரும் பொய் சொல்வதில்லை, நினைவின் இயல்பே அப்படித்தான். உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. கார் விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினரிடம் கார்கள் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்றும், இன்னொரு பகுதியினரிடம் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. காட்சியில் அப்படி எதுவும் கிடையாது. ஆனாலும் முதல் பிரிவில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், மற்றதில் 7 பேர். கேட்ட விதமே நினைவை மாற்றிவிடுகிறது என்றால், ‘இது நம்ம தபால்காரர்தானே?’ என்று கேட்டுவிட்டு வரும் ‘ஆமாம்’ என்ற பதிலுக்கு என்ன மதிப்பு?

அதனால் முதல் சுற்றில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறேன். மற்றவர் சொன்னதை வெளியிடுவதில்லை. ‘இந்தப் படத்தில் என்னென்ன தெரிகிறது?’ என்று தொடங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். இரண்டாம் சுற்றில்தான் எல்லோரும் சேர்ந்து பேசுவது. அப்போது வாதம் நடந்தாலும் நல்லதுதான், முதலில் சொன்னது ஏற்கெனவே என் ஏட்டில் இருக்கிறது.

பெயரை எடுத்ததும் கேட்பதில்லை. முகம் நன்றாகத் தெரிந்தும் பெயர் வாயில் வராமல் தவிக்கும் பெரியவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ‘வயசாச்சு, எல்லாம் மறந்துபோச்சு’ என்று அவர்களே சோர்ந்துவிடுவார்கள். உண்மையில் மறப்பது அவ்வளவு இல்லை. பள்ளி முடித்துப் பல பத்தாண்டுகள் ஆனவர்களை வைத்து உளவியலாளர் ஹாரி பாரிக் குழுவினர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 1975இல் வெளிவந்தது. முப்பது வருடம் தாண்டிய பிறகும், கூடப் படித்தவர்களின் முகங்களைப் பத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் அவர்கள் அடையாளம் கண்டார்கள். பெயரைத் தாமாக நினைவிலிருந்து எடுப்பதில்தான் பெரிய சரிவு. இன்னோர் ஆய்வு 1987இல் வந்தது. அறிமுகமில்லாத முகங்களோடு பெயரையும் தொழிலையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தபோது, அதே சொல்லையே ஒருவருக்குப் பெயராகவும் இன்னொருவருக்குத் தொழிலாகவும் சொன்னாலும், தொழிலாகக் கேட்டவர்களுக்குத்தான் அது அதிகம் நினைவில் நின்றது. இதைப் படித்த பிறகு என் கேள்வி வரிசையை முழுக்கத் திருப்பிப் போட்டேன். எந்த வீடு, என்ன வேலை, கூடவே யார் இருப்பார்கள், பெயர். பெயர் கடைசி.

வீட்டைக் கேட்பதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். தெருவை அவர்களையே வரையச் சொல்வேன். கோடு கோணலாக இருந்தால் என்ன, தெருமுனையிலிருந்து வரிசையாகக் கட்டம் போட்டுக்கொண்டு வரும்போது வாய் தானாகப் பேசும். ஓர் அக்கா வரைந்தபடியே சொன்னார்: ‘இது மாடிவீடு. இதுக்கு அடுத்தது டைப்ரைட்டிங் டீச்சர் வீடு. அவங்க தம்பி ஒருத்தர் கால் கொஞ்சம் சாய்ச்சு நடப்பார்.’ அந்தத் தம்பியைத்தான் நாங்கள் ஒரு படத்தில் தேடிக்கொண்டிருந்தோம். முகத்தைக் காட்டி நேரடியாகக் கேட்டபோது அதே அக்கா தெரியாது என்றவர். வீடு வந்ததும் ஆள் வந்தார், பேச்சு ஓய்ந்து நாங்கள் கிளம்பும் நேரத்தில் பெயரும் வந்தது.

ஒரு படத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாசற்படியில் பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். இது மூலைவீட்டுப் படி என்று ஒரு சாரார், எதிர்வீட்டுப் படி என்று இன்னொரு சாரார். மின்கம்பம் படிக்கு எந்தப் பக்கம் நின்றது என்பதில்தான் தகராறு. மூலைவீட்டில் பிறந்து வளர்ந்த அண்ணன், ‘தெருவிலிருந்து பார்த்தா எங்க வாசலுக்கு இடப்பக்கம்தான் கம்பம், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்’ என்றார். படத்தில் அது வலப்பக்கம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பையன்களின் சட்டைப் பை கண்ணில் பட்டது. சட்டைப் பை இடது மார்பில்தான் இருக்கும். இந்தப் படத்தில் அத்தனை பையன்களுக்கும் வலது மார்பில் இருந்தது. பிரிண்ட் போட்டவர் நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டிருக்கிறார். கணினியில் இடவலம் மாற்றியதும் பை, கம்பம், படி எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. அண்ணன் சொன்னது அப்படியே சரி. அதிலிருந்து எந்தப் படம் வந்தாலும் சட்டைப் பை, பொத்தான், கைக்கடிகாரம், பலகை எழுத்து ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுகிறேன்.

அதே படத்தின் வருடத்தைச் சொன்னது ஒரு பையனின் பொக்கை வாய். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறான். பால்பற்களில் நடு முன்பற்கள், கீழும் சரி மேலும் சரி, பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில் விழும். அந்தப் பையன் இன்று பேரன் பேத்தி எடுத்தவர், தன் பிறந்த வருடத்தைச் சொன்னார். அதோடு ஏழைக் கூட்டினோம். முன்னே பின்னே ஒரு வருடம் விட்டாலும், அதுவரை பத்து வருட இடைவெளிக்குள் அலைந்துகொண்டிருந்த படத்துக்கு ஒரு காலம் கிடைத்துவிட்டது. வளர்ந்தவர்களின் உடை, தலைமுடி எல்லாம் பல வருடம் மாறாமல் இருக்கும். பிள்ளைகள்தான் மாதத்துக்கு மாதம் மாறுவார்கள். கைக்குழந்தை இருக்கும் படம் என்றால் எனக்கு இப்போது பாதிக் கவலை தீர்ந்த மாதிரி.

படத்தாளும் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். சுருண்டுகொள்ளும் தடித்த தாள் பழைய வகை. பின்புறம் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருக்கும் தாள், வண்ணப் படங்களுக்கு 1960களின் கடைசியிலும் கறுப்பு வெள்ளைக்கு 1970களிலும்தான் வந்தது. கோடக்கின் இன்ஸ்டாமேட்டிக் கேமரா வந்தது 1963இல், அதன் பிறகு சதுர வண்ணப் படங்கள் பெருகின. ஆனால் 120 என்ற அகலமான சுருள் பிலிமில் எடுத்த சதுரப் படங்கள் அதற்கு வெகு முன்பே உண்டு, எனவே சதுரத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. இன்னொன்று, தாள் சொல்வது பிரிண்ட் போட்ட காலத்தை மட்டும்தான். பழைய நெகட்டிவிலிருந்து இருபது வருடம் கழித்தும் பிரிண்ட் போட்டிருக்கலாம். மூலையில் தேதி விழுந்த படங்களிலும் கவனம் வேண்டும். பேட்டரி மாற்றிய பிறகு தேதியைச் சரிசெய்யாமல் விட்ட கேமராக்கள் ஏராளம்.

குறித்துவைக்கும் முறை இப்போது நிலைபெற்றுவிட்டது. படத்தின் மேல் மெல்லிய டிரேசிங் தாள் வைத்து, அழுத்தாமல் தலைகளின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து, ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போடுகிறேன். ‘இடமிருந்து மூன்றாவது’ என்பது பாதி மறைந்து எட்டிப்பார்க்கும் பிள்ளைகள் இருக்கும் படத்தில் குழப்பும், எண் குழப்பாது. எண்ணுக்கு நேரே சொன்ன பெயர், சொன்னவர், அவருக்கு எப்படித் தெரியும், எவ்வளவு உறுதி. இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால்தான் உறுதி என்று எழுதுகிறேன். ஒருவர் மட்டும் சொன்னால் அப்படியே ஒருவர் சொன்னதாக. இரண்டு பேர் வேறு வேறு பெயர் சொன்னால் இரண்டும் இருக்கும், எதையும் அடிப்பதில்லை. மாமா, அத்தை, தாத்தா என்று மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஒருவருக்கு மாமா என்பவர் அடுத்த வீட்டுக்காரருக்கு அண்ணன், இன்னொருவருக்குத் தாத்தா. எழுதிய எனக்குப் புரியும், ஐம்பது வருடம் கழித்துப் படிப்பவருக்கு யார் வீட்டு மாமா என்று எப்படித் தெரியும்?

பழைய தாளில் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால், படத்தைக் கெட்டியான பரப்பில் கவிழ்த்துவைத்து, ஓரத்தில் மட்டும். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்புறத்தில் முகத்தின் மேல் கோடாக எழும்பும். வழவழப்பான தாளில் பென்சில் ஒட்டாது, அதற்கு உறையின் மேல் எழுதிவிட்டு, பிறகு படத்தை உள்ளே வைப்பதுதான் நல்லது.

எல்லா நினைவும் இனிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சின்ன வயதிலேயே இறந்துபோன ஒரு பெண் ஒரு படத்தில் இருந்தாள். அவளுடைய அக்காவிடம் அதை முன்னறிவிப்பில்லாமல் நீட்டுவது சரியல்ல என்று தோன்றியது. முதலில் தொலைபேசியில் சொன்னேன், பார்க்க விருப்பமா என்று கேட்டேன். அவர் உடனே வரச்சொன்னார். தங்கையின் படம் அவர்களிடம் ஒன்றுகூட இல்லையாம். வேறொருவர் பார்க்க வேண்டாம் என்றார். அந்தப் படம் அவருக்குப் போகவில்லை, மற்றவர்களின் தொகுப்பிலும் சேர்க்காமல் தனியே வைத்திருக்கிறேன். உயிரோடு இருப்பவர்களின் படத்தை அவர்களைக் கேட்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டோம். அதனால்தான் தயங்கிய சிலரும் பிறகு பெட்டியைத் திறந்தார்கள் என்று நம்புகிறேன்.

இப்போது கையில் இருப்பது 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் துண்டுகள் அடங்கிய ஒரு டப்பா. ஒரு வீட்டில் படங்களைக் கொடுத்துவிட்டு, ‘இது எதுக்கு, தூக்கிப் போட்டுடலாமா?’ என்று கேட்டார்கள். கேட்டு வாங்கிவந்துவிட்டேன். பிரிண்டில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: வரிசை. ஓரத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் அச்சாகியிருக்கும். ஒரே சுருளில் 11ஆம் கட்டமும் 13ஆம் கட்டமும் தெரிந்த நிகழ்ச்சி என்றால், நடுவில் பிடி கொடுக்காமல் இருக்கும் 12ஆம் கட்டத்துக்கும் நாள் ஏறக்குறைய கிடைத்துவிடும். துண்டுகளாக வெட்டியதால் எந்தத் துண்டு எந்தச் சுருளைச் சேர்ந்தது என்பதை முதலில் பிரிக்க வேண்டும். ஓர எழுத்தின் வடிவம், பிலிமின் அடிநிறம், வெட்டு விளிம்பு பொருந்துகிறதா என்று பார்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பிரித்து முடிந்ததும் ஸ்கேன். அதற்குப் பிறகு தெரு வரைபடத்தோடு முதலில் பார்க்கப்போவது மூலைவீட்டு அண்ணனைத்தான். நெகட்டிவில் இடவலம் சரியாக வைத்துத்தான் எடுப்பேன் என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.