கேப்பர் மலைத் தோப்பில் நாட்டுத் தேனீயை மீட்ட அனுபவம்

2022 மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, கடலூரை அடுத்த கேப்பர் மலையில் உள்ள எங்கள் முந்திரித் தோப்பில் மூன்றாம் தேனீப் பெட்டியைத் திறந்து அடைச் சட்டம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தபோது, மெழுகால் மூடியிருக்க வேண்டிய அறைகள் பல திறந்துகிடந்தன; அவற்றுள் புழுக்கள் தலையை மேலே தூக்கி, கரையேற்றிய படகின் முனைபோல வளைந்து, அசைவற்றுக் கிடந்தன. ஊசியால் ஒன்றை வெளியே எடுத்தேன். நீர் கட்டிய சிறு பையாக வந்தது. அது என்ன நோய் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் கேரளத்திலும் தமிழகத்தின் தென்பகுதியிலும் அடுக்குத் தேனீ எனப்படும் நாட்டுத் தேனீயின் வளர்ப்பை ஏறக்குறைய வேரோடு சாய்த்த, தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் அது.

என் தோப்புக்குள் அதைக் கொண்டுவந்தவன் நானேதான். 2019இல் நெல்லிக்குப்பம் சாலையில் இடிக்கவிருந்த ஒரு பழைய வீட்டுச் சுவரிலிருந்து எடுத்த கூட்டத்தில் தொடங்கி, பனைப் பொந்துகளிலும் கிணற்று இடுக்குகளிலும் கிடைத்தவற்றைச் சேர்த்து எட்டுப் பெட்டிகள் வைத்திருந்தேன். முந்திரி பூக்கும் காலத்துக்குள் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும் என்ற அவசரத்தில், வெளியூரிலிருந்து நான்கு பெட்டிகளை விலைக்கு வாங்கினேன். வந்த கூட்டங்களைத் தனியிடத்தில் சில வாரங்கள் வைத்துப் பார்க்காமல், அன்று மாலையே மற்றவற்றின் நடுவே வைத்ததோடு நில்லாமல், வலுக்குறைந்திருந்த என் கூட்டங்கள் இரண்டுக்குப் புதிய பெட்டிகளிலிருந்து புழு அடைகளையும் எடுத்துக் கொடுத்தேன்.

ஆடி பிறப்பதற்குள் பன்னிரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் எஞ்சியது. சில கூட்டங்கள் மடிந்தன. சில பெட்டியை விட்டு ஓடிப்போயின. பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் மருந்தைச் சர்க்கரைப் பாகில் கலந்து வைக்கும்படி இருவர் சொன்னார்கள். வைரஸுக்கு அது பயன்படாது என்பதால் நான் வைக்கவில்லை. அடைகளை எல்லாம் எரித்தேன். பெட்டிகளைச் சுரண்டி, சோடா உப்பு கலந்த கொதிநீரில் கழுவி, உட்புறத்தை நெருப்பில் வாட்டி, பல நாள் வெயிலில் காயவைத்தேன். எஞ்சியது நெல்லிக்குப்பம் சாலைச் சுவரிலிருந்து வந்த கூட்டம். அதிலும் நோய் இருந்தது. ஆனால் பணித் தேனீக்கள் கெட்ட புழுக்களை விடாமல் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததை நாள்தோறும் பார்த்தேன்.

மறு ஆண்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, கங்காரு தீவைப் பார்க்க அழைத்துச் சென்றாள். கேப் ஜெர்விஸ் துறையில் கப்பலேறும் முன், தேனும், தேனீக்களும், பயன்படுத்திய தேனீப் பெட்டிகளும் தீவுக்குள் வரக்கூடாது என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு, பேரனுக்காக வாங்கி வைத்திருந்த தேன் குப்பியை என் மனைவி மனமில்லாமல் கரையிலேயே விட்டுவிட்டு வந்தாள். முக்கால் மணி நேரப் பயணம் முழுவதும் அந்தக் குப்பியைப் பற்றித்தான் பேசினாள். நானோ என் நான்கு பெட்டிகளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தாலியின் லிகூரியாப் பகுதியைச் சேர்ந்த தேனீக்களை அந்தத் தீவில் குடியேற்றி, 1885இலேயே சட்டம் இயற்றி, வேறு தேனீ உள்ளே வராமல் காத்து வருகிறார்கள். 2019 இறுதியில் மூண்ட காட்டுத்தீயில் தீவின் ஏறக்குறைய பாதிப் பரப்பு எரிந்தபோது பெட்டிகளும் அழிந்தன; அதன் பிறகும் வெளியிலிருந்து தேனீ வாங்கி ஈடுசெய்ய வழியில்லை, உள்ளே பிழைத்தவற்றிலிருந்தே பெருக்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் பெட்டி பெட்டியாக லாரியில் வரும் இத்தாலியத் தேனீயும் அதே இனம்தான் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவர்கள் அஞ்சும் வரோவா உண்ணியோ ஆதியில் நம் அடுக்குத் தேனீயின் மேல் வாழ்ந்தது. நம் தேனீ அதனோடு வாழப் பழகிவிட்டது, அவர்களுடைய தேனீ பழகவில்லை. 2022 ஜூனில் அந்த உண்ணி அவர்கள் நாட்டின் நியூகாசில் துறைமுகத்தருகே கண்டறியப்பட்டிருந்தது.

ஊர் திரும்பியதும் வெளிக் கூட்டம் எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் ஒரே கூட்டத்தைப் பிரித்துப் பிரித்துப் பெருக்குவதில் வேறோர் ஆபத்து உண்டு. ராணி தன் நெருங்கிய உறவான ஆண் தேனீக்களோடு கூடினால், கருவுற்ற முட்டைகளில் ஒரு பங்கு பணித் தேனீயாகாமல் பயனற்ற ஆண்களாக உருவாகும். அந்தப் புழுக்களைப் பணித் தேனீக்களே தின்றுவிடுவதால் அடையில் இடையிடையே வெற்று அறைகள் தெரியும், கூட்டம் நாளடைவில் மெலியும். ஆகவே என் பெட்டிகளுக்கு மலையில் இருக்கும் காட்டுக் கூட்டங்களின் ஆண் தேனீக்கள் தேவைப்பட்டன. அங்குதான் சிக்கல். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் இப்பகுதியின் பழைய முந்திரி மரங்களும் பலா மரங்களும் சாய்ந்தபோது, பொந்துகளும் அவற்றோடு போயின. தோப்பின் ஓரங்களில் பதினான்கு மண்பானைகளை, உட்புறத்தில் பழைய சுவர்க் கூட்டத்தின் மெழுகைத் தேய்த்து, வாயைப் பலகையால் அடைத்துச் சிறு துளை விட்டுக் கட்டினேன். ஐந்தில் கூட்டம் குடியேறியது. மூன்றை அப்படியே விட்டுவிட்டு, இரண்டை மட்டும் பெட்டிக்கு மாற்றினேன்.

மாற்றும் வேலையை அந்தி நேரத்தில்தான் செய்வேன். புழு அடைகளை வெட்டிச் சட்டத்தில் பொருத்தி வாழை நாரால் கட்டி, ராணி பெட்டிக்குள் வந்துவிட்டதை உறுதிசெய்த பிறகு, பணித் தேனீக்கள் போய்வர, ராணி மட்டும் வெளியேற முடியாத ராணித் தடுப்பை வாயிலில் பொருத்திச் சில நாள் விட்டுவைப்பேன். முன்பு ஒருமுறை, தேனீக்கள் நார்க்கட்டைக் கடித்து எறிந்துவிட்டன என்று மகிழ்ந்து இரண்டாம் நாளே தடுப்பை எடுக்க, மூன்றாம் நாள் கூட்டமே பறந்துபோனது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ இல்லாத நாட்களில் சர்க்கரைப் பாகு வைப்பதும், எறும்பு ஏறாமல் தாங்கிக் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதும் வழக்கமான வேலைகள்.

கடினமாக இருந்தது மனிதர்களிடம் மறுப்புச் சொல்வதுதான். அடுத்த தோப்புக்காரர் தம் முந்திரி விளைச்சலுக்காக இத்தாலியத் தேனீப் பெட்டிகள் நூற்றை வாடகைக்கு இறக்கப் போவதாகச் சொன்னார். பூ குறைந்த நாட்களில் அவை என் பெட்டிகளுக்குள் புகுந்து தேனைக் கொள்ளையிடும் என்றேன். "உங்க தேனீ உங்க வேலிக்குள்ளயா மேயுது அண்ணே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, எனக்குச் சட்டமும் இல்லை, நடுவில் கடலும் இல்லை. நான்கு முறை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பிறகு, என் பெட்டிகளில் மூன்றைத் தை மாதம் முழுவதும் அவர் தோப்பில் வைப்பது என்றும், அவர் லாரிப் பெட்டிகளை அந்த ஆண்டு தவிர்ப்பது என்றும் ஒப்புக்கொண்டோம்.

இப்போது என்னிடம் ஒன்பது பெட்டிகள் உள்ளன. சென்ற மாசியில் அடுத்த தோப்புக்காரர் தமக்கே ஒரு பெட்டி வேண்டும் என்றார். ஐந்தாம் பெட்டியைப் பிரித்து, புது ராணி முட்டையிடத் தொடங்கிய பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளியூரிலிருந்து வேறு எதையும் வாங்கி அதன் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று சொன்னபோது, சிரித்துக்கொண்டே, "எத்தனை தடவைதான் சொல்லுவீங்க?" என்றார். மறுநாளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.