கழல மறுத்த ட்ரெயின் போல்ட்

வண்டி சாண்ட்ரோ ஜிங், 1.1 லிட்டர் இன்ஜின். ஆயில் மாற்றுவதை எப்போதும் மதுரை அய்யர் பங்களா பகுதியில் உள்ள என் வீட்டு வாசலிலேயே படுத்து முடித்துவிடுவேன். போன முறை மட்டும் ஐப்பசி மழை விடாமல் பெய்ததால் வெளியே ஒரு கடையில் கொடுத்தேன். இப்போது அடியில் படுத்து டார்ச் அடித்தால் ட்ரெயின் போல்டின், அதாவது பழைய ஆயிலை வடிப்பதற்காக இன்ஜின் அடியில் இருக்கிற போல்டின், மண்டையில் ஆறு மூலையும் மழுங்கிப் பளபளக்கிறது. காற்றழுத்தத்தில் போல்ட் முடுக்குகிற ஏர் கன்னை வைத்து ஒரே இழுப்பாக இழுத்து அனுப்பியிருக்க வேண்டும். அந்தக் கன் செய்கிற வேலைக்கு அளவு கிடையாது.

போல்ட் 14 எம்எம் மரை, 1.5 பிட்ச் (மரைக்கு மரை உள்ள இடைவெளி), மண்டைக்கு 17 நம்பர் ஸ்பேனர். இறுக்க வேண்டிய அளவு 35 முதல் 45 நியூட்டன் மீட்டர். ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் 13, 14 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற இறுக்கம்தான் அது, அதற்கு மேல் தேவையே இல்லை. நானோ இரண்டடி பவர் ஹேண்டிலை (சாக்கெட் மாட்டித் திருப்புகிற நீளக் கம்பி) போட்டு மல்லாந்தபடி இரண்டு கையாலும் இழுத்தேன். 25 கிலோ விசைக்குக் குறையாது. கணக்குப் போட்டால் சரியான இறுக்கத்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். போல்ட் அசையவில்லை.

வண்டியைத் தூக்கியது பற்றி ஒரு வார்த்தை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். எங்கள் தெருவிலேயே ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்தி அடியில் புகுகிறவர்களைப் பார்க்கிறேன். ஹாலோ பிளாக் சொல்லிவிட்டு உடையாது, ஒரே நொடியில் பொடியாகிவிடும். போல்ட்டோடு மல்லுக்கட்டும்போது வண்டி ஆடத்தான் செய்யும், அதனால் இந்த வேலைக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

திசையையும் சொல்லிவிடுகிறேன். போல்ட் மண்டையை நேருக்கு நேர் பார்த்தபடி கடிகாரத்துக்கு எதிர்ப்புறம் திருப்ப வேண்டும். தலைகீழாகப் படுத்திருக்கும்போது மூளை குழம்பும். சந்தேகம் வந்தால் வெளியே வந்து ஒரு பாட்டில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் சூடு. நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டர். அதில் ஒரு தடவை போய்த் திரும்பினால் ஆயில் நன்றாகச் சூடாகிவிடும். டேஷ்போர்டில் முள் நடுவுக்கு வருவது தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும், ஆயில் அதற்குப் பின்னால்தான் வரும். அலுமினியச் சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தங்குகிற தொட்டி, ட்ரெயின் போல்ட் இதில்தான் இருக்கும்) இருக்கிற வண்டிகளில் இந்தச் சூடு பெரிய உதவி, ஏனென்றால் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு அளவில் விரியும், போல்ட்டின் பிடி தளரும். என் வண்டியில் தகட்டுச் சம்ப், போல்ட்டும் இரும்பு. இரண்டும் ஒன்றாகவே விரிந்தன. பலன் இல்லை.

அடுத்து, இறுகிய போல்டை இளக்க எல்லோரும் சொல்கிற ஸ்ப்ரே, டபிள்யூடி-40. அடித்தேன், ஒரு ராத்திரி ஊறவும் விட்டேன். ஆனால் இதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சைலன்சர் போல்ட் துருப்பிடித்து இறுகுவது வேறு, இது வேறு. ட்ரெயின் போல்டின் மரை வருஷம் முழுக்க இன்ஜின் ஆயிலிலேயே குளித்துக்கொண்டிருக்கிறது, துரு எங்கிருந்து வரும்? ஒரு போல்டை இறுக்கும்போது நாம் கொடுக்கிற விசையில் ஏறக்குறைய பாதி மண்டைக்கு அடியில் உள்ள உரசலுக்கே போய்விடும். மரையின் உரசலுக்குப் போவது அதைவிடக் கொஞ்சம் குறைவு. மிஞ்சுகிற பத்தில் ஒரு பங்குதான் போல்டை இழுத்துப் பிடிக்கிறது. ஆக, இங்கே சிக்கிக்கொண்டிருப்பது மரை இல்லை, மண்டைக்கும் சம்ப்புக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கிற வாஷர். இது புரிந்த பிறகுதான் வேலை சரியான பக்கம் திரும்பியது.

என்னிடம் இருந்தது பன்னிரண்டு பல் சாக்கெட். புது போல்டுக்கு அது போதும், மழுங்கிய மண்டைக்கு ஆகாது. அது மூலையை மட்டும்தான் பிடிக்கும், மூலைதான் இங்கே இல்லையே. ஆறு பல் சாக்கெட் பக்கவாட்டுப் பரப்பில் அழுத்தும். சிம்மக்கல் பக்கம் கடை கடையாகக் கேட்டேன். “ஆறு பல்லு யாருண்ணே கேக்குறா, எல்லாரும் பன்னெண்டுதான் வாங்குவாங்க” என்றார் ஒருவர். கடைசியில் கிடைத்தது, இம்பாக்ட் கன்னுக்கு வருகிற கறுப்புச் சாக்கெட். சுவர் தடிமன், விரிந்து கொடுக்காது.

அதைப் போட்டு பவர் ஹேண்டிலுக்கு மூன்றடி ஜிஐ பைப்பைச் செருகினேன். மெதுவாக அழுத்தும்போது கவனித்தது இதுதான்: போல்ட் திரும்பவில்லை, சம்ப் தகடே லேசாக முறுக்கிக்கொண்டு வந்தது. போல்ட் போகிற நட்டு அந்தத் தகட்டில் பற்றவைத்து நிற்கிறது. இன்னும் இழுத்தால் பற்றவைப்பு விட்டுப்போய்ச் சம்ப்பையே கழற்ற வேண்டிவரும். பைப்பை எடுத்துத் தள்ளி வைத்தேன். நீளம் கூடக் கூட விசை கூடும், ஆனால் எது திரும்பப் போகிறது என்பதை அது தேர்ந்தெடுப்பதில்லை.

நடுவில் ஒரு காரியம் செய்தேன், மனசுக்கு அமைதி தந்த காரியம். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் குழாயில் மெல்லிய டியூபை விட்டுக் கைப்பம்பால் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டேன். மொத்தம் மூன்று லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும், அதில் பெரும்பகுதி வந்துவிட்டது. போல்டைக் கழற்றாமலே ஆயில் மாற்ற இது ஒரு வழிதான். அவசரம் என்றால் இப்படியே புது ஆயிலை ஊற்றி வண்டியை ஓட்டலாம். ஆனால் அடியில் தங்குகிற கசடு வராது, இறுகிய போல்ட்டும் அங்கேயேதான் இருக்கும்.

பக்கத்து வீட்டு மாமா ஓய்வுபெற்ற ஃபிட்டர். பாண்டியன் போக்குவரத்துக் கழகமாக இருந்த காலத்திலேயே டெப்போவில் சேர்ந்தவர். நான் படுப்பதும் எழுவதுமாக இருந்ததைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

“என்ன மாப்ள, இழுத்துக்கிட்டே இருக்க? அதுக்கு இழுப்பு வேணாம், அடி வேணும்.”

“மண்டை ஏற்கெனவே போயிருச்சு மாமா, அடிச்சா இன்னும் போயிரும்ல?”

“பக்கவாட்டுல அடிக்கச் சொல்லல. நெஞ்சுல அடி.”

நெஞ்சு என்று அவர் சொன்னது மண்டையின் தட்டையான முகத்தை. அரை அடி நீளப் பித்தளைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதை முகத்தின் நடுவில் நிறுத்தி, ஒரு கிலோ சுத்தியலால் கீழிருந்து மேலாக, நேராக, ஓங்காமல் தட்ட வேண்டும். அந்த அடி போல்டை மேலே தள்ளும் அந்தக் கணத்தில் மண்டைக்கும் வாஷருக்கும் உள்ள அழுத்தம் குறைகிறது. ஒட்டிக்கிடந்த பரப்பு விட்டுக்கொடுக்கும். பித்தளை மிருதுவானது, மண்டையைக் கெடுக்காது. படுத்த நிலையில் சுத்தியலுக்குக் கால் அடி வீச்சுதான் கிடைத்தது, அதுவே போதுமாக இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், சம்ப்பில் ஒட்டிய சேறெல்லாம் முகத்தில்தான் கொட்டும்.

தட்டிய பிறகு 17 ஆறு பல்லைப் போட்டால் கொஞ்சம் ஆட்டம் தெரிந்தது. மாமா 16 நம்பர் ஆறு பல் சாக்கெட்டை எடுக்கச் சொல்லி, அதைச் சுத்தியலால் அடித்தே ஏற்றினார். மழுங்கிய மூலைகளைச் சீவிக்கொண்டு அது உள்ளே போனது, இறுக்கமான தோடு காதில் ஏறுகிற மாதிரி. இந்த அடியும் போல்டுக்கு நல்லதுதான். அப்புறம் பைப் இல்லாமல், பவர் ஹேண்டிலின் நுனியில் உள்ளங்கையால் சட்டென்று ஒரு குத்து. சுருக்கமான, வேகமான குத்து. மெதுவான அழுத்தத்துக்கு முறுக்கிக்கொடுத்த தகடு, இதற்கு முறுக்குவதற்குள் அடி முடிந்துவிடுகிறது.

டக் என்றது. போல்ட் உடைந்தாலும் இதே சத்தம்தான் வரும் என்பதால் கொஞ்ச நேரம் ஹேண்டிலை அசைக்கவே பயமாக இருந்தது. கால் சுற்று திருப்பினேன். எதிர்ப்பு இல்லை, வழவழப்பாகவே வந்தது. கழன்றுவிட்டது.

கையில் எடுத்துப் பார்த்தபோது கதை முழுதும் தெரிந்தது. போல்டோடு ஒரு வாஷர் வந்தது. சம்ப் வாயிலும் செம்பு நிறத்தில் ஒரு வளையம் ஒட்டிக் கிடந்தது. நகத்தால் கீறினால் வரவில்லை, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளேடு கனத்தில் நசுங்கிய இன்னொரு வாஷர். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வாஷர் இருந்தால் கசிய வாய்ப்பு உண்டு, கசிவு வந்ததும் இன்னும் இறுக்கியிருப்பார்கள். மரையின் கடைசி இரண்டு சுற்றில் வெள்ளி மாதிரி பொடி. முன்பக்கம் நன்றாகத்தான் இருந்தது.

சம்ப் பக்கத்து மரைக்கு டேப் (மரை வெட்டுகிற கருவி) போட வேண்டுமா என்று கேட்கப் புதூர் சிட்கோவில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். “டேப்பு வேணாம்ணே, அது இருக்குற மரையையும் வெட்டிரும். புது போல்டு ரெண்டு வாங்கியாங்க” என்றார் அங்கிருந்த தம்பி. ஒரு போல்டின் மரையில் நீளவாக்கில் மூன்று வெட்டு போட்டு, ஓரங்களை அரத்தால் தேய்த்துத் தந்தார். அந்த வெட்டுகளில் கிரீஸ் அப்பிக் கையால் ஏற்றி இறக்கினால் மரை சுத்தமாகும், சிலும்பு கிரீஸிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும், உள்ளே விழாது. அதன் பிறகும் கால் லிட்டர் புது ஆயிலை மேலே ஊற்றி அடியில் வழியவிட்டேன், எதாவது தங்கியிருந்தால் கழுவிக்கொண்டு வரட்டும் என்று.

மற்ற புது போல்ட், ஒரே ஒரு புது வாஷர். விரலாலேயே கடைசி வரை ஏறியது. இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் 40 நியூட்டன் மீட்டர். புது ஃபில்டர், புது ஆயில். பத்து நிமிடம் ஓடவிட்டு, அடியில் தினத்தந்தியை விரித்து ராத்திரி விட்டேன். காலையில் பேப்பரில் ஒரு சொட்டும் இல்லை. போல்ட் மண்டையிலிருந்து சம்ப் வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். இனி யார் கை வைத்தாலும், எவ்வளவு திருப்பினார்கள் என்று அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

பழைய ஆயிலை சென்ட்ரிங் பலகைக்குத் தடவ ஒரு மேஸ்திரி கேட்டார். கொடுக்கவில்லை. அது வாய்க்காலில் கலந்தால் பாழ். மறுசுழற்சிக்கு ட்ரம்மில் சேர்த்து அனுப்புகிற ஒரு கடையில் கேனோடு கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தேன்.